தழும்பு எந்தப் பக்கம்?

ஜூன் 3, சனி

கோயம்புத்தூர் டாக்டர் தெய்வசிகாமணி தினமும் நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். வலி பத்துக்கு எத்தனை, எவ்வளவு தூரம் நடந்தேன், காலையில் இடதுகால் பெருவிரலை மேலே தூக்க முடிகிறதா. இந்த மூன்றும் போதுமாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் 'கிருஷ்ணமணி, ரப்பர் வியாபாரம், குலசேகரம்' என்று எழுதிவிட்டேன். அது அவருக்கு. இந்த டைரி எனக்கு.

இதில் உண்மையை எழுதலாம். என் பெயர் கிருஷ்ணமணி இல்லை. ரப்பர் மரத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் அந்த வியாபாரத்தோடு எனக்குள்ள சம்பந்தம். நான் ரெத்தினசாமி ஆசான். பனங்கோட்டுவிளை வர்ம வைத்தியசாலை என்றால் மார்த்தாண்டத்தில் எந்த ஆட்டோக்காரனும் கொண்டுவந்து விடுவான். அப்பா காலத்திலிருந்து வாசலில் ஒரே போர்டு: 'கத்தி வேண்டாம், கட்டு போதும்.' போன வருஷம்தான் புது பெயின்ட் அடித்தேன். எழுத்தையும் பெரிதாக்கினேன். அதற்கு ஏணியில் ஏறி இறங்கிய அன்றுதான் இடுப்பு பிடித்தது.

தொண்ணூறு நாள் என் எண்ணெய், என் மூலிகைக் கிழி ஒத்தடம், என் பத்தியம். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரகசியமாக ஸ்கேன். நாலாவது முள்ளெலும்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் உள்ள டிஸ்க் தேய்ந்து பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறதாம். அந்தத் தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் திருகாணியும் கம்பியும் போட்டு ஒன்றாக இணைத்துவிட வேண்டும் என்கிறார் தெய்வசிகாமணி. பெயர் ஃப்யூஷன்.

"அப்புறம் குனிய முடியுமா டாக்டர்?"

"ஓரளவு முடியுங்க. அந்த ஒரு இடம் மட்டும்தான் அசையாது. ரப்பர் வியாபாரத்துக்கு அது போதுமே."

ரப்பர் என்று சொன்னது என் தப்பு.

வலி: அவர் நோட்டில் 4. இங்கே 8. பெருவிரல்: தூக்க முடிகிறது.

ஜூன் 5, திங்கள்

இன்று நாற்பத்தொரு பேர். ஒரு தோள்பட்டை, இரண்டு மணிக்கட்டு, மீதி எல்லாம் இடுப்பு. பலகையில் படுத்திருப்பவனைவிட நின்றிருக்கும் எனக்கு வலி அதிகம். அவன் "அய்யோ" என்று கத்தும்போது நானும் கூடவே முனகிக்கொள்கிறேன். நல்ல வேளை, சத்தத்தில் சத்தம் கலந்துவிடுகிறது.

மத்தியானம் வசந்தபாய் எனக்கு எண்ணெய் போட்டுவிட்டாள். இருபத்தாறு வருஷமாக இந்த வைத்தியசாலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவள் என் மனைவிதான். உன் கையில் பதம் இல்லை என்றேன்.

"எனக்க கையில பதம் இல்லையா, எண்ணெயில பதம் இல்லையா?" என்றாள்.

இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குத்தான் நஷ்டம்.

ஜூன் 16, வெள்ளி. சென்னை

தெய்வசிகாமணி செய்யாத இன்னொரு வழி இருக்கிறது. செயற்கை டிஸ்க். மேலும் கீழும் உலோகத் தட்டு, நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக். எலும்பை இணைக்காமல் அசைய விடுவது. இங்கே டாக்டர் ஹரிணி அதில் பெரிய ஆள் என்று கேள்விப்பட்டு, ரப்பர் கொள்முதல் என்று ஊரில் சொல்ல முடியாததால், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஹரிணிக்கு முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். "இதுக்கு முன்பக்கமா போவோம் சார். தொப்புளுக்குக் கீழ வெட்டு."

"முதுகில?"

"முதுகுல ஒண்ணும் இருக்காது."

"ஒரு கீறல்கூட?"

"ஒரு கீறல்கூட. வேற ஏதாவது கேக்கணுமா? எத்தனை வருஷம் உழைக்கும், என்ன ஆபத்துன்னு எல்லாரும் கேப்பாங்க."

"தழும்பு வேட்டிக்குள்ள மறைஞ்சிருமா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். வசந்தா சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு எப்படிப் புரியும்? எங்கள் குடும்பத்தில் யாரும் சட்டை போட்டுக் கட்டு கட்டியதில்லை. வேட்டி, தோளில் ஒரு துவர்த்து. அதுவும் வேலை தொடங்கினால் கொடியில் போய்விடும். பலகையில் குனியும்போது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிவது என் முதுகுதான். அதில் ஒரு சாண் தழும்பை வைத்துக்கொண்டு 'கத்தி வேண்டாம்' போர்டுக்குக் கீழே நிற்க முடியுமா? வயிற்றில் என்றால் குடலிறக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். குடலுக்குக் கத்தி வைப்பதை எங்கள் வைத்தியம் தடுக்கவில்லை. அது வேறு இலாகா.

முதுகெலும்பின் பின்னால் உள்ள சிறு மூட்டுகள் தேயாமல் இருந்தால்தான் செயற்கை டிஸ்க் சரிப்படுமாம். சி.டி. ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொன்னார். என் மூட்டு எனக்குத் தெரியாதா? ஹரிணி மாதிரி கெட்டிக்கார டாக்டரை நான் பார்த்ததில்லை.

வலி: 8. மனசுக்கு: 2.

ஜூன் 27, செவ்வாய். கோயம்புத்தூர்

தெய்வசிகாமணி மறுபடி வரச் சொன்ன நாள். செயற்கை டிஸ்க் பற்றி அவரும் நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் மனசு ஆறும் என்றுதான் போனேன்.

காத்திருக்கும் இடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒருவன் இடதுகாலைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கித் தூக்கி வைத்து வந்தான். பாதத்தில் பிளாஸ்டிக் பட்டை. முகத்தைப் பார்த்ததும் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

"ஆசானே! நீங்க இங்க?"

கருங்கல் ரசலையன். அரசு பஸ் டிரைவர். போன கார்த்திகையில் இடுப்புவலி, கால் மரப்பு என்று என்னிடம் வந்து, சித்திரை வரைக்கும் என் எண்ணெயில் கிடந்தவன். பிறகு வரவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

"ஒரு சொந்தக்காரரைப் பாக்க வந்தேன்" என்றேன்.

"எனக்கு வைகாசியில ஆபரேசன் ஆச்சு ஆசானே. வலி போயாச்சு. ஆனா பாதம் எழும்பல்லே. நரம்பு ரொம்ப நாளு நசுங்கிக் கிடந்துட்டாம். இனி பஸ் ஓட்ட முடியாது. டிப்போவில ஒரு மேசை போட்டு இருத்தியிருக்காவ." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்கமேல ஒரு குத்தமும் இல்ல கேட்டியளா. நானாக்கும் பத்தியத்தை முறிச்சேன். தை மாசம் வீட்டில சாளைமீன் கறி வச்சிருந்தா. மணம் பொறுக்கல்லே. நாலு துண்டு தின்னுட்டேன். அதுக்குப் பெறவாக்கும் காலு தளர்ந்தது."

அப்போது நர்ஸ் கூப்பிட்டாள். "கிருஷ்ணமணி! கிருஷ்ணமணி இருக்காங்களா?"

நான் அசையவில்லை. அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். ரசலையன்கூட "ஆருவே அந்தக் கிருஷ்ணமணி" என்று சுற்றிப் பார்த்தான்.

அவன் முகத்தைப் பார்த்து நான் சொன்னது இது: "பத்தியம் முக்கியமாக்கும் ரசலையா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் போன பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். நோட்டைப் புரட்டிய தெய்வசிகாமணி, என் பெருவிரலை இரண்டு விரலால் அமுக்கி, "தூக்குங்க" என்றார். தூக்கினேன். "இது போறதுக்குள்ள பண்ணிடோணுங்க. உங்க பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் இன்னைக்குத்தான் வந்துட்டுப் போனாரு. ஆறு மாசம் எவனோ ஒரு வைத்தியன் எண்ணெய் போட்டே காலைக் கெடுத்துட்டான். அந்த ஆள் என்னடான்னா மீன் தின்னதால கால் போச்சுங்கறாரு."

ரப்பர் வியாபாரி என்ன சொல்லுவான்? "இவனுகளையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும் டாக்டர்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.

ஜூன் 28, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். தேங்காய் பறிக்க ஆள் வந்தான். நூற்றிப்பத்துக் காய். இன்று எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 30, வெள்ளி

சாளைமீன் எண்ணெய்ப்பசை உள்ளது. கிழிக்குச் சேராது. இதை நான் சொல்லவில்லை, அப்பா எழுதி வைத்த ஏட்டிலேயே இருக்கிறது. ஆகவே ரசலையன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 6, வியாழன்

திருநெல்வேலியில் எடுத்த சி.டி.யை அனுப்பியிருந்தேன். ஹரிணி போன் செய்தார்.

"சார், பின்மூட்டு ரெண்டும் நல்லா தேஞ்சிருக்கு. டிஸ்க் வச்சா அது அசையும், கூடவே அந்த மூட்டும் அசைஞ்சு வலிக்கும். நரம்பை அமுக்குற எலும்பையும் பின்பக்கமிருந்துதான் எடுக்கணும். உங்களுக்கு ஃப்யூஷன்தான் சரி. கோயம்புத்தூர்லயே பண்ணிக்கோங்க."

"அதையே முன்பக்கமாச் செய்ய முடியாதா?"

"சிலருக்குச் செய்வோம். உங்களுக்கு முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "சார், முதுகுல தழும்பு வந்தா அப்படி என்ன ஆகும்?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சின்ன வயசு. அனுபவம் போதாது.

ஜூலை 10, திங்கள்

வேறொரு ஊரில் ஒரு டாக்டர் போனில் கிடைத்தார். சி.டி.யை அனுப்பட்டுமா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், நேரே வாங்க, முன்பக்கமாகவே செயற்கை டிஸ்க் போட்டுவிடலாம் என்றார். மூன்று நிமிஷத்தில் காரியம் முடிந்தது. இதல்லவா வைத்தியம்! படம் பார்க்காமல் சொல்கிற துணிச்சல் எங்கள் ஆட்களுக்குத்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

வசந்தாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களுக்கு வேண்டியது டாக்டரா, தையல்காரனா? தையலு எந்தப் பக்கம் விழும்ணு கேட்டு ஊரு ஊரா அலையிய. படம் பாத்த ரெண்டுபேரும் ஒண்ணு போலச் சொல்லியாச்சு. படம் பாக்காதவன் பேச்சு உங்களுக்கு இனிக்குது. காலு போனா, அப்பம் வேட்டிக்குள்ள எதை மறைப்பிய?"

கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்து போகலாம் என்று பார்த்தேன். எழ முடியவில்லை. அவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஜூலை 13, வியாழன்

முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஷைலஜா வந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை குந்தியிருந்து பருப்பு உடைக்கிறவள். விரலெல்லாம் முந்திரித்தோட்டின் கறுப்பு. மூன்று வாரமாக என்னிடம் எண்ணெய். இடுப்புவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் வாசல் தாண்டி வரும்போது இடதுகால் செருப்பு கழன்று படியிலேயே கிடந்தது. அவள் ஒற்றைச் செருப்போடு பலகை வரைக்கும் நடந்து வந்தாள். கழன்றது தெரியவில்லை.

நான் அவளுடைய பெருவிரலை இரண்டு விரலால் அமுக்கி, "தூக்கு மக்களே" என்றேன். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. இதை எனக்கு அப்பா சொல்லித்தரவில்லை. தெய்வசிகாமணி என் காலில் செய்து காட்டியது.

"நீ இண்ணைக்கே மெடிக்கல் காலேஜுக்குப் போ" என்றேன்.

ஷைலஜா அழத் தொடங்கினாள். "கத்தி வச்சிருவாவளே ஆசானே. நீங்கதானே வேண்டாம்ணு சொல்லுவிய?"

"சொன்னதைக் கேளு. இது எனக்குக் கட்டுப்படாது." முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகையில் ரசலையன் முதல் நாள் வந்தபோதும் செருப்பு கழன்றது. நானே எடுத்துக் கொடுத்தேன். புதுச் செருப்பு வாங்குலே என்று கிண்டல் செய்தேன்.

ஜூலை 15, சனி

பெருவிரல்: பாதி.

ஜூலை 16, ஞாயிறு

பெருவிரல்: பாதிகூட இல்லை. தெய்வசிகாமணிக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்.

நாளைக்கு ஆடி முதல் தேதி. கர்க்கடகச் சிகிச்சை என்று ஆடியில் உடம்புக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளக் கூட்டம் அலைமோதும் மாதம். வசந்தா ஒரு அட்டையில் 'ஆசான் ஒரு மாதம் ஊரில் இல்லை' என்று எழுதினாள். அது மொட்டையாக இருந்தது. நான் பேனாவை வாங்கி, 'மூலிகை தேடி இமயமலை சென்றுள்ளார்' என்று சேர்த்தேன்.

"பனியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சுதுண்ணும் எழுதுங்க. திரும்பி வரும்போ உதவும்" என்றாள் வசந்தா.

ஜூலை 19, புதன். கோயம்புத்தூர்

அட்மிஷன் கவுன்டரில் ஆதார் கேட்டார்கள். இந்த நாட்டில் ஒரு மனிதன் பொய்ப்பெயரில் நிம்மதியாகப் படுத்து ஆபரேஷன் செய்துகொள்ள முடியாது.

"கிருஷ்ணமணின்னு ஃபைல் இருக்கு, ஆதார்ல ரெத்தினசாமின்னு இருக்குங்களே?"

"வீட்டில கூப்பிடற பேரு" என்றேன்.

"தொழில் ரப்பர்தானுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தா சொல்லிவிட்டாள். "வர்ம வைத்தியர். பனங்கோட்டுவிளை." ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தாள்.

சாயங்காலம் தெய்வசிகாமணி வந்தார். ஃபைலின் முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருந்தது.

"இவனுகளையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும்னு சொன்னீங்க" என்றார் கடைசியில்.

"ஆமா."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. தயாரா இருங்க."

ஜூலை 20, வியாழன்

நாள் விடாமல் எழுதணும்ணு டாக்டர் சொன்னதால நான் எழுதுகேன். வசந்தபாய். ஆபரேசன் முடிஞ்சுது. மூணரை மணிநேரம். மயக்கத்தில "தழும்பு, தழும்பு"ண்ணு ரெண்டு தடவை சொன்னாரு. பெருவிரலு கொஞ்சம் அசையுது, இனியும் வரும்ணு சொன்னாவ. சாமிக்கு வெளக்கு நேர்ந்திருக்கேன்.

எந்தப் பக்கத்தில எழுதணும்ணு பாக்க டைரியைத் திறந்தேன். முழுசும் வாசிச்சேன். ரசலையன் காரியத்த ஏன் எங்கிட்ட சொல்லல்லே?

ஜூலை 22, சனி

என் டைரியை அவள் வாசித்திருக்கிறாள். கேட்கலாம் என்றால், கேட்டவுடன் அவள் ரசலையனைப் பற்றிக் கேட்பாள். ஆகவே கேட்கவில்லை. இன்று நாற்பது அடி நடந்தேன்.

வலி: இரண்டு நோட்டிலும் 5.

ஜூலை 26, புதன்

டிஸ்சார்ஜ். தையல் பிரிக்கும்வரை பக்கத்தில் ஒரு அறையில் தங்கச் சொன்னார்கள். தெய்வசிகாமணி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று மாதம் குனியக் கூடாது. வெயிட் தூக்கக் கூடாது. இடுப்பு பெல்ட் கழற்றக் கூடாது. தினமும் நடக்க வேண்டும்.

"சாப்பாடு?" என்றாள் வசந்தா.

"எல்லாம் சாப்பிடலாங்க." அவர் என்னைப் பார்த்தார். "மீன் தாராளமா சாப்பிடலாம். அதுக்கும் நரம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தா எழுதிக் குடுத்திருப்பேன்."

மருந்துச்சீட்டின் கீழே அதையும் எழுதினார். 'மீன் சாப்பிடலாம்.' அடிக்கோடு வேறு.

ஆகஸ்ட் 30, புதன்

ஓணம் கழிந்து வைத்தியசாலையைத் திறந்தேன். குனிய முடியாது, ஆகவே பலகைக்குப் பக்கத்தில் நின்று வாயால் வைத்தியம். பெல்ட் தெரியாமல் இருக்க முழங்கால் வரை தொங்கும் ஒரு ஜிப்பா. இமயமலையில் சாமியார்களோடு இருந்து வந்ததால் ஆசான் சட்டை போடத் தொடங்கிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். என் முதுகு கம்பு மாதிரி நிமிர்ந்து இருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். யோகமாம்.

இமயமலை மூலிகை வேண்டும் என்று இருபது பேர் கேட்டுவிட்டார்கள். இன்னும் பதம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். போர்டு அதே இடத்தில் இருக்கிறது. கழற்ற வேண்டுமானால் ஏணி ஏற வேண்டும், எனக்கு ஏணி கூடாது. நல்ல காரணம். டைரியில் எழுதிய கேள்வியை வசந்தா வாயால் கேட்காமல் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது.

செப்டம்பர் 11, திங்கள்

ஷைலஜா வந்தாள். இரண்டு காலிலும் செருப்போடு நேராக நடந்து வந்தாள். மெடிக்கல் காலேஜில் அன்று ராத்திரியே சேர்த்து, மறுநாள் ஆபரேஷன் செய்துவிட்டார்களாம். விரல் முக்கால்வாசி தூக்குகிறது. காட்டச் சொல்லிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது.

பொட்டலம் நிறைய வறுத்த முந்திரிப்பருப்பைக் கையில் வைத்தாள். பிறகு வரிசையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்: "டாக்டர்மாரு கீறினாவ, இல்லண்ணு சொல்லல்லே. ஆனா ஆசானுக்க எண்ணெய் மூணு வாரம் எலும்பில இறங்கிக் கிடந்ததுனாலயாக்கும் இவ்வளவு சுருக்கா சொகமாச்சு."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவன் "பின்ன!" என்றான்.

நான் மறுக்கவில்லை. சிரித்தேன். பருப்பை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனதும் வசந்தா வழியை மறித்து நின்றாள்.

"சொகமானா உங்களுக்க எண்ணெய். சொகமாகல்லேண்ணா அவனுக்க மீனு. அப்படித்தானே?"

முந்திரிப்பருப்பு வாயில் இருந்தது. பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய்த் துப்பினேன்.

செப்டம்பர் 13, புதன்

வலி: 2. பெருவிரல்: முழுசாகத் தூக்க முடிகிறது.

கருங்கல் போய் வந்தேன். வசந்தாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஆட்டோ ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. முதுகில் போட்ட திருகாணி ஆடிவிடும் என்று ஒரு சாக்கும் தயாராக இருந்தது. ஆட்டோக்காரன் மெதுவாகவே ஓட்டித் தொலைத்தான்.

ரசலையன் வீட்டில் இருந்தான். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மேபல் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ரசலையன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"ஆசானே, வாருங்க. இமயமலைக்குப் போயிருந்ததாச் சொன்னாவளே. இருங்க."

"நான் இருக்க வரல்லே ரசலையா. நிக்கேன்."

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஜிப்பாவைக் கழற்றினேன். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி நின்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை முதுகைக் காட்டித்தான் சொல்ல முடிந்தது.

"கோயம்புத்தூர்ல அண்ணைக்கு அந்த நர்ஸ் கூப்பிட்ட கிருஷ்ணமணி நான்தான். இமயமலையும் இல்லே, ஒரு மலையும் இல்லே. உனக்குள்ள அதே சீக்கு எனக்கு. உனக்குச் செய்த அதே டாக்டர் எனக்கும் செய்தாரு. எனக்க விரலு பாதி விழுந்தப்பமே நான் ஓடிட்டேன். உனக்க விரலு கார்த்திகையிலேயே விழுந்தாச்சு. செருப்பு கழன்றது, நானாக்கும் எடுத்துத் தந்தேன். அப்பம் அது என்னண்ணு எனக்குத் தெரியாது. கோயம்புத்தூர்ல வச்சு உன்னைப் பாக்கும்போ தெரியும். தெரிஞ்சும் பத்தியம்ணு சொன்னேன். மீனுனால இல்ல ரசலையா. மீனுக்கும் உனக்க காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேபல் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆசானே, கடேசியா சொன்னத இன்னும் ஒருக்கச் சொல்லுங்க."

"மீனுனால இல்லே."

"எட்டு மாசமா" என்றாள். அவள் அழவில்லை. "எட்டு மாசமா இந்த வீட்டில நான் புருசனுக்க காலக் கெடுத்தவ. சாளை வாங்கினது நான், கறி வச்சது நான். இவரு எங்கூட இருந்து ஒருநேரம் சாப்பிடல்லே. கோயிலுக்குப் போனா, மீன்கறிக்காரிண்ணு சொல்லுதாவ. இவ்வளவும் எனக்க மாமி சொல்லிப் பரத்தினது."

"மேபலு" என்றான் ரசலையன்.

அவள் அவனைக் கவனிக்கவில்லை. உள்ளே போய் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் எதிரில் நிறுத்தினாள். எண்பது வயதிருக்கும். காதில் கையைக் குவித்து வைத்திருந்தாள்.

"மாமிக்குக் கேள்வி கொஞ்சம் கொறவு. சத்தமாச் சொல்லுங்க" என்றாள் மேபல்.

சொன்னேன். "என்னது?" என்றாள் கிழவி. மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மதில்மேல் இரண்டு தலை தெரிந்தது. எதிரில் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் குடத்தோடு நின்றுவிட்டார்கள். சட்டை இல்லாமல், தழும்பும் பெல்ட்டுமாக, நடு முற்றத்தில் நின்று மூன்றாவது தடவை கத்தினேன். "மீனுனால இல்லே! என்னாலயாக்கும்! எனக்குத் தெரியாததுனால!"

கிழவிக்குக் கேட்டுவிட்டது. மருமகளைப் பார்த்தாள், மகனுடைய காலைப் பார்த்தாள், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பம் இத்தன நாளும் என்னத்துக்கு வைத்தியரே வாயத் தொறந்து மிண்டாம இருந்தீரு?"

"பேரு போயிரும்ணு பயந்து" என்றேன்.

"என்னது?"

மேபல் என்னைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் ஒருவரும் நகரவில்லை.

"பயந்து!" என்று கத்தினேன்.